நடுத்தரக் காலிபர் இரட்டைக்குழல் ரைஃபிள்: 9.3×74ஆரா, .375ஆ, .450/400ஆ?

#1 · குறிமுள்

வணக்கம். குழல்கள் பக்கவாட்டில் அமைந்த இரட்டைக்குழல் ரைஃபிள் ஒன்று வாங்க இருக்கிறேன். வேலை இதுதான்: அடர்ந்த புதருக்குள் காட்டுப்பன்றி, விரட்டு வேட்டையில் ஓடும் செம்மான், பிறகு ஆப்பிரிக்காவில் குடு, ஈலண்ட் போன்ற பெரிய மான் இன அளவு விலங்குகள். எருமை கட்டாயம் இல்லை. வாய்ப்பு வந்தால் வேண்டாம் என்று சொல்லப்போவதும் இல்லை. சுடும் தூரம் பெரும்பாலும் 20 முதல் 80 மீட்டர், அரிதாக 120.

.470, .500 போன்ற பெருந்துளைகளை ஒதுக்கிவிட்டேன். பட்டியலில் இருக்கும் தோட்டா அளவுகள் 9.3×74ஆர், .375 ஹெச் அண்ட் ஹெச் (ஃபிளாஞ்ச்டு, பெல்டட் இரண்டும்), .450/400 மூன்று அங்குலம். தோட்டாவை நானே நிரப்பும் பழக்கம் இல்லை. புதிது, பழையது எதுவானாலும் சரி. எதை எடுப்பது, பணம் கொடுக்கும் முன் எதையெல்லாம் பார்ப்பது?

#2 · ஒன்பதுமூணு

தோட்டா நிரப்ப மாட்டேன்னு சொன்ன அந்த ஒரு வரியிலேயே பாதி விடை இருக்கு. 9.3×74ஆர் எடுங்க.

1900களின் தொடக்கத்துல ஜெர்மனியில வந்த தோட்டா இது. ஐரோப்பாவுல இரட்டைக்குழல் செய்ற பெரிய பேரு எல்லாமே இதுக்குச் செய்றாங்க: மெர்கல், ஹெய்ம், கிரீகாஃப், ஷாப்புயி, வெர்னே-கரோன். ஆலைத் தோட்டா ஆர்.டபிள்யூ.எஸ்., நார்மா, ஹார்னடி, செல்லியர் அண்ட் பெல்லோன்னு பல கையில இருந்து வருது. 286 கிரெயின் (18.5 கிராம்) குண்டு, வினாடிக்கு 2,360 அடி பக்கம், ஆற்றல் 4,800 ஜூல் சுமார். நீங்க சொன்ன பட்டியல்ல எருமையைத் தவிர எல்லாத்துக்கும் கேள்வியே இல்லாம போதும்.

ரெண்டாவது காரணம் எடை. 9.3 அளவுக்குன்னே செஞ்ச சின்னச் சட்டத்துல (குழல் வந்து பூட்டுற இரும்பு உடம்பு) ரைஃபிள் 3.3 முதல் 3.6 கிலோவுல நிக்கும். .375 நாலு கிலோவைத் தொடும். .450/400 எடுத்தா 4.3ல இருந்து 4.8 வரைக்கும் போகும். விரட்டு வேட்டையில சட்டுனு தோளுக்குத் தூக்கி, ஓடுற பன்றியோட சேர்ந்து குழலைத் திருப்பணும். அந்த ஒரு கிலோ அங்க தெரியும்.

ஒண்ணு மட்டும் கவனம்: சில தயாரிப்பாளர்கள் .470க்கான பெரிய சட்டத்துலயே 9.3 குழலைப் போட்டுத் தருவாங்க. பார்க்க கம்பீரமா இருக்கும், தூக்கினா கடப்பாரை. வாங்கும் முன்னாடி தராசுல வைங்க.

#3 · பழைய_இரும்பு

காலிபர் பேச்சுக்கு முன் ஒரு விஷயம். இரட்டைக்குழல் ரைஃபிளை ஒரு குறிப்பிட்ட தோட்டாவுக்கு, இன்னும் சரியாகச் சொன்னால் குறிப்பிட்ட குண்டு எடைக்கும் வேகத்துக்கும், பொருத்தித்தான் செய்கிறார்கள். அதை ரெகுலேஷன் என்கிறோம். இது புரியாமல் வாங்குபவர்தான் பிறகு "இடக்குழல் எங்கோ போகிறது" என்று புலம்புவார்.

வலக்குழல் ரைஃபிளின் நடு அச்சுக்கு வலப்பக்கம் இருக்கிறது. அது வெடிக்கும்போது உதை நடு அச்சில் விழாது. ரைஃபிள் மேலேயும் வலப்பக்கமாகவும் திரும்பும். குண்டு குழலுக்குள் ஓடிக்கொண்டிருக்கும்போதே இந்தத் திரும்பல் தொடங்கிவிடுகிறது. இடக்குழலுக்கு இதே கதை, இடப்பக்கமாக. அதனால்தான் இரு குழல்களையும் முனையில் உள்நோக்கிச் சாய்த்து இணைக்கிறார்கள். குண்டு முனையை விட்டு வெளியேறும் கணத்தில் குழல் சரியான திசைக்கு வந்திருக்க வேண்டும். முனையில் இரு குழல்களுக்கும் நடுவே ஓர் ஆப்பு. அதைச் சூடாக்கி, ஈயப்பற்று இளகியதும் நகர்த்தி, சுட்டுப் பார்த்து, மறுபடி நகர்த்தி நிலைநிறுத்துவார்கள். ஆப்பு உள்ளே போனால் முனைகள் விலகும், வெளியே இழுத்தால் நெருங்கும். விலையில் கணிசமான பங்கு இந்த வேலைக்குத்தான் போகிறது.

எனவே விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது: "எந்தத் தோட்டாவுக்கு ரெகுலேட் செய்தது? சோதனை இலக்குத் தாள் இருக்கிறதா?" புதிய ரைஃபிளோடு அந்தத் தாள் வரும்; அதில் தோட்டாவின் பெயரும் குண்டின் எடையும் எழுதியிருக்கும். பழைய ஆங்கிலேய ரைஃபிளில் குழலின் அடித்தட்டையில் "60–400" போல ஓர் எண் ஜோடி பொறித்திருக்கும்: கார்டைட் வெடிமருந்து 60 கிரெயின், குண்டு 400 கிரெயின். பழைய ஜெர்மன் குழல்களில் குண்டு எடை கிராமில் இருக்கும்.

#4 · குறிமுள்

நன்றி ஐயா. அப்படியானால் 9.3×74ஆர் என்று பொறித்திருந்தாலும் எல்லா 9.3 தோட்டாவும் அதில் ஒன்றுசேராது, சரியா? கடையில் கிடைக்கும் தோட்டாவைச் சுட்டுப் பார்த்து இது பொருந்துகிறது, இது இல்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

#5 · கந்தகம்

சரிதான். ஆர்.டபிள்யூ.எஸ்.ஸின் 19 கிராம் டி.யூ.ஜி. குண்டுக்கு இணைத்த ரைஃபிள், 16 கிராம் இலகு குண்டை வேறெங்காவது போடும். சோதிக்கும் முறை:

இலக்கு 50 மீட்டரில். மேசையில் உட்கார்ந்து சுடலாம், ஆனால் குழலையோ முன்கட்டையையோ மணல்மூட்டை மேல் வைக்கக் கூடாது. இடக்கை முன்கட்டையைப் பிடித்திருக்க வேண்டும், மணல்மூட்டை மேல் கையின் பின்புறம் படட்டும். மேசைக்கு மேல் உடல் கவிழ்ந்து கிடக்காமல் நிமிர்ந்து உட்காருங்கள். இல்லாவிட்டால் உதையில் தோள் பின்னால் போக இடமிருக்காது, ரைஃபிள் வேறு மாதிரி எழும்பும். கடினமான தாங்கியில் வைத்துச் சுட்டுவிட்டு "ரெகுலேஷன் போச்சு" என்று சொல்பவர்களுக்கு ரைஃபிள் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும்.

முதலில் வலம், பத்து வினாடிக்குள் இடம். திறந்து வைத்து, குழலைத் தொட்டால் சூடு தெரியாத அளவுக்கு ஆற விடுங்கள். மறுபடி வலம், இடம். மறுபடி ஆற விடுதல். இப்படி மூன்று ஜோடி. ஒவ்வொரு ஓட்டைக்கும் பக்கத்தில் "வ1, இ1, வ2, இ2" என்று அப்போதே எழுதிவிடுங்கள், பிறகு நினைவிருக்காது. ஒரே குழலில் தொடர்ந்து ஐந்து சுட்டு ஓட்டைக் குழு எவ்வளவு சேர்கிறது என்று பார்ப்பது வீண் வேலை. சூடான குழல் தன் பக்கம் நீண்டு மற்றதை வளைக்கும்.

இனி தாளைப் படிப்பது. வல ஓட்டைகளின் நடுப்புள்ளியையும் இட ஓட்டைகளின் நடுப்புள்ளியையும் குறியுங்கள்.

வலது வலப்பக்கத்திலும் இடது இடப்பக்கத்திலும், நடுவே குழல்களின் இடைவெளி அளவோ அதற்குக் கொஞ்சம் குறைவாகவோ இருந்தால் அருமை. அப்படிப்பட்டவை தூரம் போனாலும் குறுக்கே வெட்டாது.

வலது வெகுதூரம் வலமாகவும் இடது வெகுதூரம் இடமாகவும் விலகி, இரண்டும் மேலே ஏறியிருந்தால் தோட்டா மெதுவானது. குண்டு குழலுக்குள் அதிக நேரம் இருக்கிறது, அதற்குள் ரைஃபிள் கூடுதலாகத் திரும்பிவிடுகிறது.

வலது இடப்பக்கத்திலும் இடது வலப்பக்கத்திலும் குறுக்காக விழுந்து, இரண்டும் கீழே இருந்தால் தோட்டா வேகமானது.

ஒரு குழல் மட்டும் சிதறுகிறது, மற்றது இறுக்கமாக இருக்கிறது என்றால் அது ரெகுலேஷன் கோளாறு இல்லை. அந்தக் குழலின் முனை வட்டம் தேய்ந்திருக்கலாம், துளை அரித்திருக்கலாம்.

ஆறு ஓட்டையும் சேர்ந்து 50 மீட்டரில் 5 செ.மீ.க்குள் வந்தால் மிக நல்ல ரைஃபிள். 7–8 செ.மீ. என்றாலும் உங்கள் தூரங்களுக்குப் போதும். பொருந்தும் தோட்டா கிடைத்துவிட்டால் அதே லாட் (தயாரிப்புத் தொகுதி) எண்ணில் நிறைய வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். லாட் மாறினால் வேகம் மாறும், வேகம் மாறினால் இரு குழலும் பிரியும். கடுங்குளிரிலும் சில மருந்துகளின் வேகம் இறங்கும். குளிர்காலத்தில் குழு அகன்றால் அதுவும் ஒரு காரணம்.

#6 · குறிமுள்

இது தெளிவாகிவிட்டது. .375 பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே?

#7 · கந்தகம்

.375ல் இரண்டு தோட்டா உண்டு, 1912ல் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கொண்டுவந்தவை. விளிம்பு உள்ள ஃபிளாஞ்ச்டு வடிவம் திறந்து மூடும் ரைஃபிளுக்கு. விளிம்புக்குப் பதில் அடியில் பட்டை போன்ற தடிப்பு உள்ள பெல்டட் வடிவம் போல்ட் ரைஃபிளுக்கு. ஃபிளாஞ்ச்டில் 300 கிரெயின் குண்டு 2,400 அடி/வினாடி சுமார் போகும். அழகான தோட்டா. ஆனால் ஆலைத் தோட்டா தேடிக் கண்டுபிடிக்க வேண்டும், நிரப்புவதற்கான வெற்றுத் தோட்டாக் கூடும் அரிது. தானே நிரப்பாதவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பெல்டட் தோட்டா எங்கும் கிடைக்கும், அதை வைத்துத்தான் விற்பவர்கள் ஆசை காட்டுவார்கள். இரண்டு சிக்கல். ஒன்று, அழுத்தம்: துப்பாக்கி, தோட்டாச் சோதனைக்கான சர்வதேச அமைப்பான சி.ஐ.பி.யின் உச்ச வரம்பு 9.3×74ஆருக்கு 3,400 பார், பெல்டட் .375க்கு 4,300 பார். திறந்து மூடும் சட்டத்துக்கு இந்தக் கால் பங்கு கூடுதல் சின்ன விஷயம் இல்லை. வெயிலில் கிடந்த தோட்டா என்றால் கூடு அறையில் (குழலின் பின்னால் தோட்டா உட்காரும் இடம்) பிடித்துக்கொள்ளும்; போல்ட்டைப் போல இதில் பலமாக இழுத்தெடுக்கும் நெம்பு விசை கிடையாது. இரண்டாவது, விளிம்பு இல்லாததால், கூட்டை அறையிலிருந்து தூக்கித் தரும் எக்ஸ்ட்ராக்டரில் ஸ்பிரிங் வைத்த சின்ன நகம் ஒன்று கூட்டின் பள்ளத்தில் போய் மாட்ட வேண்டும். தூசியோ கெட்டியான எண்ணெயோ சேர்ந்தால் நகம் உள்ளேயே அமுங்கி நிற்கும். எக்ஸ்ட்ராக்டர் கூட்டைத் தாண்டி வழுக்கி மேலே வந்துவிடும், கூடு அறையிலேயே. பிறகு துடைகோல்தான் கதி. விளிம்புத் தோட்டாவில் இந்தத் தொல்லைக்கு இடமே இல்லை.

#8 · மேற்குன்று

எருமை கனவு கொஞ்சமாவது இருக்குன்னா .450/400 பக்கமும் பாருங்க. பேரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், குண்டு விட்டம் .410 அங்குலம் பக்கம்தான். .450 கூட்டைக் கழுத்து சுருக்கினது. 400 கிரெயின், 2,050 அடி/வினாடி. அழுத்தம் குறைவு, வெயில்லயும் கூடு சுலபமா வெளியே வரும். உதை தள்ளுற மாதிரி இருக்கும், குத்தாது. புலி வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் கையில இருந்த ஜெஃப்ரி இரட்டைக்குழல் இந்த ரகம்தான். ஹார்னடி மூணு அங்குலத் தோட்டாவை மறுபடி செய்ய ஆரம்பிச்ச பிறகு ஆலைத் தோட்டாவும் கிடைக்குது.

மூணு அங்குலம், மூணேகால் அங்குலம்னு ரெண்டு கூடு இருக்கு. ஒண்ணுக்கு ஒண்ணு மாத்திப் போடக் கூடாது, விளிம்பு தடிமனும் வேற. மூணேகால் கறுப்பு மருந்துக் காலத்துல இருந்து வந்த நீளக் கழுத்துக் கூடு. ஆலைத் தோட்டா மூணு அங்குலத்துக்குத்தான் தாராளம்.

அரசாங்க விதி பத்தி ஒண்ணு. ஜிம்பாப்வேயில எருமை, யானை வகைக்குக் குறைஞ்சது 9.2 மி.மீ. விட்டமும் 5.3 கிலோஜூல் ஆற்றலும் கேட்கிறாங்க. 9.3×74ஆர் விட்டத்துல தேறிடும், ஆலைத் தோட்டாவோட 4.8 கிலோஜூல்ல தேறாது. கணக்குப் போட்டுப் பார்த்தா .450/400கூட 2,050 அடியில 5.06 கிலோஜூல்தான் வருது! தான்சானியா பக்கம் .375ன்னு காலிபரையே வெச்சுக் கேட்கிறாங்க. நாட்டுக்கு நாடு வேற, அதனால ரைஃபிள் வாங்கின பிறகு விசாரிக்காதீங்க, முன்னாடியே எழுத்துல வாங்கிடுங்க.

#9 · ஒன்பதுமூணு

"கொஞ்சமாவது கனவு" இருக்குன்னு வருஷம் முழுக்க ஒரு கிலோ கூடுதலா சுமக்கச் சொல்றீங்க அண்ணே. எருமைக்குப் போற அந்த ஒரு வாரத்துக்கு .375 போல்ட் ரைஃபிள் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும்.

#10 · மேற்குன்று

வாடகை ரைஃபிள்ல எருமையா! சரி, அவரவர் தோள்.

#11 · பழைய_இரும்பு

பழைய ரைஃபிள் வாங்குவதானால் கீழே உள்ளதை வரிசையாகச் செய்யுங்கள்.

முன்கட்டையைக் கழற்றுங்கள். முன்கட்டையின் ஸ்பிரிங் குழலைப் பின்னால் அழுத்தித் தளர்வை மறைத்துவிடும். அதைக் கழற்றாமல் ஆட்டிப் பார்ப்பதில் பயனில்லை. பூட்டிய நிலையில் பின்கட்டையை ஒரு கையால் இறுகப் பிடித்து, குழலைப் பக்கவாட்டிலும் மேல் கீழாகவும் அசையுங்கள். துளி ஆட்டம் இருந்தாலும் விரல் நுனிக்குத் தெரியும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, குழலின் பின்முகத்துக்கும் சட்டத்தின் முகத்துக்கும் இடையே கோடு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் ரைஃபிள் "முகம் விட்டிருக்கிறது". கீல் முளையை மாற்றவோ கொக்கியை உலோகம் ஏற்றிச் சரிசெய்யவோ வேண்டியிருக்கும். மேல் நெம்பு மூடியபோது நடுவிலோ சற்று வலமாகவோ நிற்க வேண்டும். நடுவைத் தாண்டி இடமாகப் போயிருந்தால் தாழ்கள் தேய்ந்திருக்கின்றன.

குழல் ஜோடியைக் கழற்றி, அடியில் உள்ள லக்கில் (கொக்கி போன்ற முண்டு) ஒரு விரலை மாட்டித் தொங்கவிடுங்கள். மறு கையின் விரல் முட்டியால் குழலைத் தட்டுங்கள். மணி போல் நீண்டு ஒலித்தால், இரு குழலையும் இணைக்கும் இடைப்பட்டிகளின் ஈயப்பற்று முழுமையாக இருக்கிறது. சொத்தென்றோ அதிர்வோடோ கேட்டால் எங்கோ பற்று விட்டிருக்கிறது. மழைநீர் அந்த வழியே இடைப்பட்டிக்குள் இறங்கி உள்ளிருந்தே அரிக்கும். ரெகுலேஷனும் நிற்காது. குழல் பளபளவென்று புதிதாகக் கறுப்பேற்றியிருந்தால் சந்தேகப்படுங்கள்: காஸ்டிக் உப்புத் தொட்டியில் முக்கிக் கறுப்பேற்றினால் அது ஈயப்பற்றைத் தின்றுவிடும். இரட்டைக்குழலுக்குத் துருவேற்றிக் கறுப்பாக்கும் மெதுவான முறைதான் சரி.

துளையைக் கண்ணால் பார்ப்பது பாதிச் சோதனைதான். அளக்க வேண்டும். துளையைவிடச் சற்றுப் பெரிய, மெத்தென்ற தூய ஈய உருண்டைக்கு எண்ணெய் தடவி உள்ளே தட்டித் தள்ளி எடுத்து அளவெடுங்கள். பல ஆங்கிலேயக் குழல்களில் ரைஃப்ளிங்குக்கு (குண்டைச் சுழற்றும் திருகு வரிகள்) ஏழு பள்ளம். ஒற்றைப்படைப் பள்ளத்தில் சாதாரண மைக்ரோமீட்டர் ஏமாற்றும், வி வடிவ அடி கொண்டது தேவை. பழைய .450/400 துளைகள் ஒரே அளவில் இருப்பதில்லை, .405 முதல் .411 வரை பார்க்கலாம். .408 துளையில் .411 குண்டைச் செலுத்துவது அழுத்தத்தை வாங்கிக் கட்டிக்கொள்ளும் வேலை.

அறைக்கு செரோசேஃப் ஊற்றி வார்ப்பு எடுங்கள். வெந்நீர்ச் சூட்டிலேயே உருகும் உலோகக் கலவை அது. முதல் அரை மணியில் சுருங்கி, ஒரு மணி நேரத்தில் அறையின் உண்மை அளவுக்குத் திரும்பும். அப்போது அளக்க வேண்டும். ஏன் இவ்வளவு பாடு என்றால், பொறித்த எழுத்தை மட்டும் நம்பி ஏமாறுவது எளிது. 9.3×72ஆர் என்பது 9.3×74ஆரின் பலவீனமான பங்காளி, அழுத்தம் வெகு குறைவு. 8×57ஜே.ஆர். என்றால் .318 குண்டு, 8×57ஜே.ஆர்.எஸ். என்றால் .323. கடைசி "எஸ்" ஒரு எழுத்துதான், குழல் போய்விடும்.

#12 · இடதுவிசை

விசை பற்றி யாரும் பேசவில்லை, இரட்டைக்குழலின் உயிரே அங்கேதான். இரண்டு விசை உள்ளதையே எடுங்கள். ஒன்றின் பூட்டு உடைந்தாலும் மற்றது தனியாக இயங்கும். வலக்கைக்காரருக்கு முன்விசை வலக்குழல், பின்விசை இடக்குழல். முன்விசை கீல் வைத்து முன்னால் மடங்குவதாக இருந்தால் நல்லது. பின்விசையை இழுக்கும்போது உதையில் விரலின் முதுகில் அடிக்காது.

இரண்டும் ஒரே நேரத்தில் வெடிப்பது பெரிய ஆபத்து. காரணம் இரண்டுதான். ஒன்று, சுத்தியலைப் பிடித்து நிறுத்தும் சியர் தேய்ந்து, அல்லது யாரோ விசையை இலகுவாக்குகிறேன் என்று அரம் போட்டு, முதல் குழலின் அதிர்ச்சியிலேயே இரண்டாவது நழுவுவது. மற்றொன்று, உதையில் விரல் முன்விசையிலிருந்து வழுக்கிப் பின்விசையைத் தட்டுவது. எது என்று கண்டுபிடிக்க ஒரு வழி: முதலில் பின்விசையை இழுத்து இடக்குழலைச் சுடுங்கள். அங்கிருந்து விரல் வழுக்கிப் போய்த் தட்ட இன்னொரு விசை இல்லை. அப்படியும் இரண்டும் வெடித்தால் கோளாறு பூட்டில். துப்பாக்கிக் கம்மியரிடம் கொடுங்கள். முன்விசையில் மட்டும் நேர்ந்தால் பிடியைத் திருத்துங்கள்: வலக்கை பின்கட்டையின் கழுத்தை இறுகப் பிடிக்க வேண்டும், விரல் நுனி மட்டுமே விசையில்.

உயிர்த்தோட்டாவில் இதைச் சோதிக்கும் முன், ஸ்னாப் கேப் (வெடிக்காத போலித் தோட்டா) போட்டு இரண்டையும் ஏற்றி, சேஃப்டியை விடுவித்து, ரப்பர் சுத்தியலால் பின்கட்டை அடியிலும் சட்டத்தின் பக்கங்களிலும் தட்டுங்கள். சுத்தியல் விழும் சத்தம் கேட்டால் அந்த ரைஃபிளை வைத்துவிட்டு வந்துவிடலாம்.

ஜெர்மன் ரைஃபிள்களில் முன்விசையை முன்னால் தள்ளினால், லேசாகத் தொட்டாலே விடுபடும் மயிரிழை விசையாகும் அமைப்பு உண்டு. அதைத் தள்ளிவைத்த நிலையில் பின்விசையை ஒருபோதும் இழுக்காதீர்கள். இடக்குழலின் உதையிலேயே வலக்குழல் விடுபடும்.

கிரீகாஃப் கிளாசிக், பிளேசர் எஸ்2 போன்றவற்றில் கட்டைவிரலால் தள்ளி ஏற்றும் அமைப்பு இருக்கிறது. தள்ளும்வரை ஸ்பிரிங் தளர்ந்தே இருக்கும், தோட்டா போட்டு நடப்பதற்கு மிகப் பாதுகாப்பானது. ஆனால் தள்ள நல்ல பலம் வேண்டும். கையுறை போட்ட குளிர்ந்த விரலால் தள்ளிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

#13 · நிழல்நடை

தொலைநோக்கி வேணுமான்னு கேட்டா, 80 மீட்டர் வரைக்கும் ரெட் டாட் (சிவப்புப் புள்ளிக் குறி) போதும். அந்தி வெளிச்சத்துல பன்றின்னா 1–6 மடங்கு ஸ்கோப். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் நடுவுல குறைஞ்சது 90 மி.மீ. இருக்கணும், இல்லாட்டி புருவம் கிழியும். கழற்றி மாட்டுற தாங்கி எடுங்க. மாட்டி மூணு ஜோடி சுட்டு, கழற்றி மறுபடி மாட்டி ஒரு ஜோடி சுடுங்க. அதே இடத்துல விழலைன்னா தாங்கி உதவாது. ஸ்கோப் போட்டா எடையும் எடையோட உயரமும் மாறும், சில ரைஃபிள்ல ரெகுலேஷனும் கொஞ்சம் நகரும். அதனால ஸ்கோப்போட ஒரு தடவை, இல்லாம ஒரு தடவைன்னு ரெண்டு தாள் சுட்டு வைங்க.

இதுல மாட்டிக்கிற இடம் பின்கட்டை. திறந்த குறிக்கு வளைச்ச கட்டையில கன்னம் தாழ்ந்து நிக்கும், ஸ்கோப் வழியா பார்க்கக் கழுத்தைத் தூக்கணும். ஸ்கோப்புக்கு நிமிர்த்தின கட்டையில திறந்த குறி கண்ணுக்கே வராது. எதை அதிகம் பயன்படுத்துவீங்கன்னு முதல்ல முடிவு பண்ணுங்க. சோதனை சுலபம்: வேட்டைக்குப் போடுற சட்டையோடயே கண்ணை மூடி ரைஃபிளைத் தோளுக்குத் தூக்குங்க, அப்புறம் கண்ணைத் திறங்க. பின்குறியின் வி நடுவுல முன்மணி உட்கார்ந்திருக்கணும். பத்து தடவையில ஏழெட்டு தடவையாவது உட்காரலைன்னா கட்டை உங்களுக்கு இல்லை. துல்லியத்தைவிட இதுக்குத்தான் நான் முதலிடம் கொடுப்பேன். இரட்டைக்குழல் நிதானமா குறி பார்க்கிற ரைஃபிள் இல்லையே.

#14 · குறிமுள்

பட்டியல் இரண்டாகச் சுருங்கிவிட்டது. ஒன்று புதிய 9.3×74ஆர், பாக்ஸ்லாக் (பூட்டு சட்டத்துக்குள்ளேயே இருக்கும் வகை), கூட்டைத் தெறித்து வெளியேற்றும் எஜெக்டர் இல்லாமல் எக்ஸ்ட்ராக்டர் மட்டும், 3.4 கிலோ, சோதனைத் தாளில் 19 கிராம் குண்டு. மற்றது முதல் உலகப் போருக்கு முந்தைய .450/400 மூன்று அங்குலம். வேட்டைப் பகுதியில் ஈயமில்லாத குண்டு கேட்கிறார்கள். இரண்டிலும் முழுச் செம்புக் குண்டு சுடலாமா? மேல்கீழாகக் குழல் அமைந்த ரைஃபிளையும் கடைக்காரர் வற்புறுத்துகிறார்.

#15 · கந்தகம்

பழையதில் வேண்டாம். அந்தக் காலக் குழல் சுவர் மெல்லியது, மெத்தென்ற ஈய உட்கருவும் மெல்லிய உறையும் கொண்ட குண்டுக்காகச் செய்தது. முழுச் செம்பு அமுங்கிக் கொடுக்காது. ரைஃப்ளிங் மேடுகள் குண்டில் பதியும் அழுத்தம் அப்படியே குழலுக்குப் போகும். ரைஃப்ளிங்கின் வரி குழலின் வெளிப்பரப்பில் தெரியும் அளவுக்கு வீங்கிய குழல்கள் உண்டு, ஈயப்பற்று விட்டுப்போனவையும் உண்டு. சாய்வாக ஒளியடித்து முனையிலிருந்து பின்னோக்கிப் பார்த்தால் அந்த வரிகள் தெரியும். பழையதை வாங்கும்போது இதையும் பாருங்கள்.

புதிய 9.3ல் சுடலாம், தயாரிப்பாளர் ஒப்புதல் தந்தால். சுற்றிலும் பள்ளங்கள் வெட்டி, சில வளையங்கள் மட்டும் ரைஃப்ளிங்கைத் தொடும் வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். செம்பு இலகு என்பதால் அதே நீளக் குண்டின் எடை குறையும், வேகம் ஏறும், குழு குறுக்கே வெட்டப் பார்க்கும். 19 கிராமுக்கு இணைத்த ரைஃபிளில் அது சேராமலே போகலாம். ஈயமில்லாத குண்டு கட்டாயம் என்றால் ரைஃபிளுக்கு ஆர்டர் கொடுக்கும்போதே அந்தத் தோட்டாவுக்கு ரெகுலேட் செய்து தரச் சொல்லுங்கள். பிறகு மாற்றுவது தனிச் செலவு.

#16 · பழைய_இரும்பு

மேல்கீழ் அமைப்பைப் பற்றி: மோசம் இல்லை. ஒற்றைக் குறித்தளம், ஸ்கோப்புக்கு ஏற்றது, பெரும்பாலும் விலையும் குறைவு. சிலவற்றில் குழல்கள் முனையில் தளர்வாக நின்று திருகால் சரிசெய்யும்படி இருக்கும். தோட்டா மாற்றினால் நீங்களே திருத்திக்கொள்ளலாம். கீழ்க்குழலை முதலில் சுட வேண்டும், மேல்குழலின் உதை உயரமாக இருப்பதால் முனை அதிகம் எழும்பும். குறை என்னவென்றால், கீழ் அறையில் தோட்டா போட ரைஃபிளை மிக அகலமாகத் திறக்க வேண்டும். மரத்தில் கட்டிய இருக்கையிலும் புதருக்குள்ளும் அது இடிக்கும். நீங்கள் சொன்ன வேலைக்குப் பக்கவாட்டுக் குழலே.

எக்ஸ்ட்ராக்டர் மட்டும் என்பதைக் குறையாக எண்ண வேண்டாம். உடையப் பாகம் குறைவு, கூடு தெறித்துச் சத்தம் வராது. குழலை மேல்நோக்கித் திருப்பி உலுக்கினால் கூடு தானே விழும். ஒரு விஷயம் கேளுங்கள்: சேஃப்டி, ரைஃபிளைத் திறக்கும்போது தானாகவே பூட்டிக்கொள்ளும் வகையா? பன்றி, மானுக்கு அது நல்லது. எருமைக்குப் போகும் முன் அந்த இணைப்புக் கம்பியை எடுத்துவிடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் இரண்டு சுட்டு, மறுநிரப்பி, மூன்றாவதுக்கு விசையை இழுத்தால் ஒன்றும் நடக்காது.

#17 · குறிமுள்

9.3 என்று முடிவாகிவிட்டது. தோட்டாவை இப்போதைக்கு ஆலையிலிருந்தே வாங்குகிறேன். பிற்காலத்தில் நிரப்பத் தொடங்கினால் இதில் தனியாகக் கவனிக்க ஏதாவது உண்டா?

#18 · கந்தகம்

ஒன்று உண்டு. 9.3×74ஆர் கூட்டின் தோள் மிகச் சரிவானது, ரைஃபிள் அதை விளிம்பில் நிறுத்துகிறது. சுட்ட கூட்டைப் பழைய அளவுக்கு அமுக்கும் அச்சை (டை) அடிவரை இறக்கி முழுக் கூட்டையும் அமுக்கினால் தோள் பின்னால் போகும்; அடுத்த வெடிப்பில் கூடு நீண்டு அறையை நிரப்பும். மூன்று நான்கு முறையில் விளிம்புக்குச் சற்று மேலே பளிச்சென்று ஒரு வளையம் தெரியும். அதற்கு அடுத்த முறை கூடு அங்கே அறுந்து, முன்பாதி அறைக்குள்ளேயே தங்கிவிடும். எனவே அச்சைக் கால் சுற்றாக இறக்கி, கூடு அறைக்குள் இலகுவாக உட்கார்ந்து ரைஃபிள் மூடும் இடத்தில் நிறுத்துங்கள். இரு அறைகளிலும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவில் இருக்கும் என்று உறுதி இல்லை. நுனி வளைந்த கம்பியைக் கூட்டுக்குள் விட்டு, அடிப்பக்கம் தடவினால் பள்ளம் தட்டுப்படுகிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். தட்டுப்பட்டால் அந்தக் கூடு குப்பைக்கு.

மருந்து அளவைக் கையேட்டில் உள்ள தொடக்க அளவிலிருந்து ஏற்றுங்கள், கையேட்டின் உச்சத்தைத் தாண்டாதீர்கள். குரோனோகிராஃப் (குண்டின் வேகத்தை அளக்கும் கருவி) வைத்து, உங்கள் ரைஃபிள் விரும்பிய ஆலைத் தோட்டா உங்கள் குழலில் தரும் வேகத்தை முதலில் அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் அச்சிட்ட எண்ணை நம்ப வேண்டாம், அது நீளமான சோதனைக் குழலில் எடுத்தது. நீங்கள் தேட வேண்டியது அந்த அளந்த வேகத்தை. அங்கே போனதும் குழு சேரும்.

#19 · இடதுவிசை

கூடவே ஒரு ஜோடி ஸ்னாப் கேப்பும் வாங்குங்கள், 9.3×74ஆருக்கே செய்தது. வீட்டில் விசைப் பழக்கத்துக்கும், பூட்டி வைக்கும் முன் சுத்தியல்களை இறக்கி ஸ்பிரிங்கைத் தளர்த்தவும் வேண்டும். வெற்று அறையில் விசையை இழுத்து ஊசியை உடைத்துக்கொள்ள வேண்டாம். கிடங்கில் வைக்கும்போது முனை கீழே பார்த்து நிற்கட்டும். துடைத்த எண்ணெய் வழிந்து பின்கட்டையின் மரத்துக்குள் ஊறினால், சட்டம் உட்காரும் இடத்தில் மரம் மெத்தென்றாகி உதையில் பிளக்கும். பழைய ரைஃபிள்களில் சட்டத்துக்குப் பின்னால் கறுத்த மரம் பெரும்பாலும் அதுதான்.

#20 · குறிமுள்

ஸ்னாப் கேப்பும் சேர்த்தே ஆர்டர் கொடுக்கிறேன். தோட்டா 19 கிராம், ஒரே லாட், 200. சுட்ட தாளை இங்கேயே போடுகிறேன், வ1 இ1 எழுதியே.